பதினாறு பட்டன் பெட்டி

அரங்கேற்றம் முடிந்து நான்கு நாளாக என் வீட்டில் பேச்சு இல்லை. என் மனைவி மோகனப்பிரியா பேசாததற்கு டாக்டர் காரணம். நான் பேசாததற்குக் கோபம் காரணம். அந்தக் கோபம் எவ்வளவு நியாயமானது என்று நான்கு நாளும் எனக்கு நானே வாதாடி, நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாத் தீர்ப்பும் எனக்குச் சாதகமாகவே வந்தது.

என் பெயர் மனோஜ்குமார். சரவணம்பட்டியில் வீடு. கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டுவிழா, காலேஜ் விழா என்று கோவை முழுக்க டிஜேவாகப் போகிறவன். லேப்டாப்பை நம்பி மேடை ஏறுகிற ஆளில்லை நான். அது எப்போது தொங்கும், எப்போது அப்டேட் கேட்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். என்னிடம் இருப்பது தனியாக நின்று வேலை செய்கிற இரண்டு பிளேயர், நடுவில் ஒரு மிக்ஸர். பென்டிரைவைச் சொருகினால் பாடும், உருவினால் நிற்கும். மனுஷர்களும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

மோகனப்பிரியா வள்ளி கும்மி ஆசிரியை. வள்ளியை முருகன் கைப்பிடித்த கதையைப் பாடப்பாட, பெண்கள் வட்டமாக நின்று கை தட்டிச் சுற்றி ஆடுவது இந்தப் பக்கத்தில் இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. ஐடி கம்பெனிப் பெண்ணும், தோட்டத்தில் மாடு கறந்துவிட்டு வருகிற பெண்ணும் ஒரே கலரில் சேலை கட்டிக்கொண்டு ஆடுவார்கள். பாட்டு ஆசிரியையுடையது. அவள் பாடிக்கொண்டே காலைப் பார்ப்பாள். பின்வரிசையில் யாராவது தடுமாறினால் அந்த அடியையே இன்னும் நாலு தடவை பாடுவாள்; எல்லாக் காலும் ஒன்றாக விழுந்த பிறகுதான் அடுத்த பாட்டுக்குப் போவாள். முடிக்கும்போது மூன்று தட்டுத் தட்டுவாள். அந்த மூன்று தட்டு விழாமல் யார் காலும் நிற்கக்கூடாது என்பது அவள் குழுவில் சட்டம். மழை வந்தால்கூட நிற்கமாட்டார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

போன தை மாதம் அவள் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி போனது, குரலும் போனது. கட்டி இருந்த இடம் அப்படி, குரல் நரம்பு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது, யாரையும் குறை சொல்ல முடியாது. "ஆறு மாசத்துல திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார் டாக்டர். "ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் பேசுங்க. அதுக்கு மேல தொண்டையை வருத்தாதீங்க. முக்கியமானத மட்டும் பேசுங்கம்மா." அதுவரை கோயில் மைதானத்தின் இந்த ஓரத்தில் பாடினால் அந்த ஓரத்தில் கேட்கிற குரல். இப்போது காய்ந்த சோளத்தட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. எதிரில் உட்கார்ந்து உதட்டைப் பார்த்தால்தான் புரியும்.

ஆவணியில் அரங்கேற்றம் என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். நூற்றி அறுபது பெண்கள். குரல் இல்லாத ஆசிரியை எப்படி அரங்கேற்றுவாள்? வேறு ஊரிலிருந்து ஆசிரியரை வரவழைக்கலாம் என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும், ஆறு வருடமாக அவள் கட்டிய குழு கை மாறிவிடும். எனக்கு அந்தப் பயம் ராப்பகலாக இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்டால் அன்றைய பேச்சு அதிலேயே தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

என்னிடம் ஒரு புதையல் இருந்தது. முந்தின வருடம் அவள் பாடிய பதினாறு பாட்டையும் என் மிக்ஸரிலிருந்தே நேராகப் பதிவு செய்து வைத்திருந்தேன். குரல் மட்டும் தனியாக, கண்ணாடி மாதிரி. அதைப் போட்டுவிடலாம். ஆனால் பதிவு செய்த பாட்டுக்குக் கண் இல்லையே, அது காலைப் பார்த்து நீளுமா, குறுகுமா?

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பாட்டில் எங்கெங்கே தாவ வேண்டும் என்று அடையாளம் வைத்துக்கொள்ள பிளேயரில் எட்டு பட்டன் உண்டு. ஒரு பாட்டுக்கு எட்டு போதாது, பதினாறு வேண்டும். அதோடு அந்தப் பட்டன் மோகனாவின் கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். என் மேசைக்கு வந்து அவள் தட்டிக்கொண்டிருக்க முடியாது. ரப்பர் பட்டன் பதினாறு வைத்த மிடி கன்ட்ரோலர் ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது. டிபன் தட்டு அளவில் இருக்கும். அதற்குச் சொந்தமாக ஒரு சத்தமும் வராது. எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்ற தகவலை மட்டும் அனுப்பும். அதை மைக் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் வைத்துவிட்டால், மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுவதுபோல வாயசைத்து, இன்னொரு கையால் தட்டினால் போதும். ஒரே பட்டனைத் திரும்பத் தட்டினால் அதே அடி திரும்ப வரும். கால் சேர்ந்ததும் அடுத்த பட்டன். அவள் பாடுகிற மாதிரியேதான். தொண்டைக்குப் பதில் விரல்.

பெட்டியை நேராகப் பிளேயரில் சொருகினால், பிளேயர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குத் தன் கம்பெனிச் சாமானைத் தவிர வேறு யாரையும் தெரியாது. நம்மூர்ப் பெரிய மனுஷர்கள் சிலர் மாதிரி. காந்திபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் அமீர் ஹம்சாவிடம் போனேன். பத்து நாள் இழுத்தடித்து, சோப்பு டப்பா அளவுக்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைக் கொடுத்தார். பெட்டி சொல்வதை அது வாங்கி, பிளேயருக்குப் புரிகிற பாஷையில் சொல்லும்.

"வேலை செய்யுமுங்க. ஆனா ஒண்ணு," என்றார் ஹம்சா. "இதுக்கும் பெட்டிக்கும் கரண்டைத் தனி அடாப்டர்ல குடுங்க. பிளேயர்ல இருந்து உறிஞ்ச உட்டுறாதீங்க. தாங்காமப் பென்டிரைவ் கழண்டுக்கும். ஊதற சங்கை ஊதிப்போட்டேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்," என்றேன். தெரியவும் தெரியும்.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் மாடி அறையை விட்டு இறங்கவில்லை. நிகழ்ச்சி இல்லாத நேரமெல்லாம் காதில் ஹெட்போன், ஹெட்போனுக்குள் மோகனா. எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறாள், எந்த எழுத்தைச் சற்று இழுக்கிறாள், எந்த வரியில் அவளுக்கே சிரிப்பு வருகிறது, எல்லாம் மனப்பாடம். கல்யாணமான பத்து வருடத்தில் அவளை அவ்வளவு கவனமாக நான் கேட்டதே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பழைய பதிவில் கடைசி மூன்று தட்டு மட்டும் மெலிதாக விழுந்திருந்தது. அதனால் ஒரு மத்தியானம் மைக் வைத்து நானே கை தட்டிப் பதிவு செய்தேன். காதில் அவள் பாட்டும் தாளமும் ஓட, மும்மூன்றாகப் பல தடவை தட்டினேன். பிறகு கம்ப்யூட்டர் திரையில் ஒலிக்கோடாகப் பார்த்தபோது, தட்டுகள் நெட்டுக்குத்தலாக நிற்க, நடுவில் ஒரு நீளத்துக்குச் சின்னச் சின்னதாக ஏதோ இரைச்சல் படிந்திருந்தது. மாடிக் காற்றாக இருக்கும். போட்டுக்கூடக் கேட்கவில்லை. கண்ணால் பார்த்தே அதை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல தட்டு மூன்றை எடுத்துப் பதினாறாவது பட்டனில் வைத்தேன்.

எல்லாம் முடிந்ததும் மோகனாவைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். தட்டினாள். அவள் குரல் அறை முழுக்க வந்தது. அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி?" என்றேன்.

தலையை ஆட்டினாள்.

"யாருக்கும் தெரியக்கூடாது கண்ணு. டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டாரு, அரங்கேத்தத்தன்னைக்குத்தான் பாடுவேன்னு சொல்லிரு, அவ்வளவுதான். அத்தனை பொம்பளைங்களுக்கும் அதுதான் தெரியோணும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சரி என்று தலையசைத்தாள். நன்றி சொல்ல வார்த்தை இல்லாமல் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பயிற்சி வகுப்புகள் சனி, ஞாயிறு சாயங்காலம்; எனக்கு நிகழ்ச்சிகளும் அதே நேரம். அதனால் அங்கே என்ன நடக்கிறது என்று நான் போய்ப் பார்த்ததே இல்லை.

அரங்கேற்றம் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு, எங்கள் பகுதிக் கோயில் மைதானத்தில். வெயில் இறங்காமல் இருந்தது, காற்று புழுதியை வாரிக்கொண்டிருந்தது. நூற்றி அறுபது பெண்களும் மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை போட்ட சேலை. நான் ஒரு ஓரத்தில் மேசை போட்டுப் பிளேயர்களை வைத்தேன். பத்தடி தள்ளி மைக், அதன் பக்கத்தில் ஸ்டாண்ட், ஸ்டாண்டில் பெட்டி. கோயிலிலிருந்து இழுத்த ஒரே ஒயரில் ஐந்து ஓட்டை உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு: இரண்டு பிளேயர், மிக்ஸர், ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபயர், ஹம்சா சொன்ன தனி அடாப்டர். கணக்காக ஐந்து.

ஆரம்பிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நஞ்சுண்டன் வந்தார். மோகனாவின் பெரியப்பா. ஆனைமலையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் போன்.

"மாப்ளே, நல்லா இருக்கறீங்களா? இந்தப் போன் செத்துப்போச்சுங்க. புள்ளை ஆடறதை வீடியோ புடிச்சு ஊட்டுல காட்டோணும். கொஞ்சம் சார்ஜுல போட்டு உடுங்க."

வேறு யாராக இருந்தாலும் இடமில்லை என்று சொல்லியிருப்பேன். ஆனால் பெண்ணெடுத்த வீட்டுப் பெரியவர். கல்யாணத்தன்று என் கையைப் பிடித்து அவளை ஒப்படைத்தவர். அவரிடம் ஒரு சார்ஜருக்கு 'இல்லீங்க' என்று எப்படிச் சொல்வது? இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் அந்த வார்த்தை வாயில் வராது. "அதுக்கென்னங்க மாமா, குடுங்க" என்று சொல்லிவிட்டேன். ஐந்து ஓட்டையையும் பார்த்தேன். அடாப்டரைப் பிடுங்கினேன். அந்த இடத்தில் பெரிய மாமனாரின் சார்ஜரைச் சொருகினேன். குட்டிக் கம்ப்யூட்டரின் கரண்ட் ஒயரைப் பிளேயரின் பின்னால் மாட்டினேன். இரண்டு மணி நேரம்தானே, தாங்கும் என்று நினைத்தேன்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை நான் சிரித்த முகத்தோடு செய்தேன்.

முதல் ஆறு பாட்டு அற்புதமாகப் போனது. மோகனா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது கை பெட்டியின் மேல். அவள் தட்டத் தட்ட அவள் பழைய குரல் மைதானத்தைச் சுற்றி வந்தது. நூற்றி அறுபது ஜோடிக் கைகள் ஒன்றாகத் தட்டின. நான் அழுதேவிட்டேன் என்றால் நம்புங்கள். முன்வரிசையில் கருப்பாத்தாள் என்று ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், சுற்றி வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பாட்டில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

ஏழாவது பாட்டு. தினைக்காட்டில் வள்ளி நிற்கிறாள். வேடன் வேஷத்தில் யாரோ வந்து நிற்பதைப் பார்த்துத் தோழியிடம் கேட்கிறாள். மோகனா பட்டனைத் தட்டினாள். "வரப்பு மேல நிக்கறது யாரோ" என்று குரல் எடுத்தது. அடுத்த வரிக்குப் போகவில்லை.

"வரப்பு மேல நிக்கறது யாரோ."

"வரப்பு மேல நிக்கறது யாரோ."

திரையைப் பார்த்தேன். பென்டிரைவைக் காணோம் என்றது. பென்டிரைவ் அங்கேதான் இருந்தது. கரண்ட் போதாமல் பிளேயர் அதை உதறிவிட்டிருந்தது. அப்படி நடந்தால் பாட்டு சட்டென்று நின்று டிஜே மானம் போகாமலிருக்க, கடைசி நாலு தாளத்தை மட்டும் பிளேயர் விடாமல் திருப்பிப் பாடும். எங்களைக் காப்பாற்றுவதற்கென்று செய்து வைத்த ஏற்பாடு.

மோகனா இன்னொரு பட்டனைத் தட்டினாள். ஒன்றுமில்லை. வேறொன்று. ஒன்றுமில்லை. மூன்று தட்டு இருக்கிற பதினாறாவது பட்டனையும் தட்டினாள். அதுவும் பென்டிரைவில்தானே இருக்கிறது. குரல் மட்டும் யாரோ யாரோ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. முடிவுத் தட்டு விழாததால் பெண்கள் நிற்கவில்லை. அதே அடியை, அதே வட்டத்தில் ஆடிக்கொண்டே போனார்கள்.

நான் பென்டிரைவை உருவித் திரும்பச் சொருகினேன். 'படிக்கிறது' என்று ஒரு வட்டம் திரையில் சுற்றியது. குரலை நிறுத்தினால் மைதானம் அமைதியாகிவிடும். அமைதியானால் அவள் வாயைப் பார்ப்பார்கள். பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். அதனால் நிறுத்த மனசு வரவில்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கூட்டத்தில் நாலைந்து சின்னப் பிள்ளைகள் 'யாரோ, யாரோ' என்று கூடவே கத்த ஆரம்பித்திருந்தன. பெரியவர்கள் சிலர் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது மோகனா என் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு அசைவது தெரிந்தது. என் காதில் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

பத்தடியையும் அவள் நடந்து வந்தது எனக்குத் தெரியாது. என் தலையிலிருந்து ஹெட்போனை இரண்டு கையாலும் கழற்றி மேசை மேல் வைத்தாள். எல்லாரும் பார்க்க. பெரிய மாமனார் பார்க்க. பிறகு மிக்ஸரில் என் கையைத் தள்ளிவிட்டு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கட்டையை அடிவரைக்கும் இழுத்துவிட்டாள்.

மைதானம் அமைதியானது. நூற்றி அறுபது ஜோடிக் கால் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அவள் ஆறு வருடம், என் ஒரு மாதம், எல்லாம்.

மோகனா மைதானத்துக்கு நடுவே போனாள். கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். வலது கையில் இரண்டு விரல் காட்டினாள், இடது கையை வளைத்தாள். கருப்பாத்தாள் அந்த அடியிலேயே அடுத்த வரியை எடுத்தார். அவருக்குப் பின்னால் நித்யஸ்ரீ என்று ஐடி கம்பெனிப் பெண் ஒருத்தி சேர்ந்துகொண்டாள். இரண்டு பேருடையதும் பெரிய குரல் இல்லை. கருப்பாத்தாள் சுருதியை விட்டுக் கீழே போனார், அந்தப் பெண் மேலே போனாள். ஆனால் மோகனா கை சொல்ல, அவர்கள் வாய் சொல்ல, கால்கள் கேட்டன. ஒரு இடத்தில் பின்வரிசை பிசகியது. மோகனா விரலைச் சுழற்றினாள். அதே வரியை நாலு தடவை பாடினார்கள். கால் சேர்ந்ததும் அடுத்ததுக்குப் போனார்கள். இது திடீரென்று வருகிற வித்தை இல்லை. மாதக்கணக்கில் பழகியது. அந்தப் பாட்டும் மீதி ஒன்பது பாட்டும் அப்படியே முடிந்தது. கடைசியில் மோகனா தன் கையாலேயே மூன்று தட்டுத் தட்டினாள். கால்கள் நின்றன.

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கருப்பாத்தாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சங்கடப்படாதீங்க தம்பி. மிசின்னா அப்படித்தானுங்க."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா? குரல் வராதுன்னு?"

"அட, டீச்சர் ரெண்டு மாசத்துக்கு முந்தியே சொல்லிப்போட்டாங்களே. அன்னைக்கிருந்து நாங்கதான பாடறோம்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பெட்டி?"

"உங்ககிட்டயும் சொல்லியாச்சுன்னாங்க. நீங்க பதிலே சொல்லலையாமா. பொறவு நீங்க ஆசை ஆசையாச் செய்யறீங்க, மனசு நோகக்கூடாது, ஒரு தடவை போட்டும்னாங்க. நாங்களும் சரின்னுட்டோம்."

ஊருக்குத் தெரியாமல் அவளை நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். நூற்றி அறுபது பேர் சேர்ந்து என் மனசு நோகாமல் நடித்திருக்கிறார்கள். தலையாட்டிவிட்டுப் போனது பாட்டுக்கு இல்லை, எனக்காக.

காரில் வரும்போது வெடித்தேன். "எப்பச் சொன்ன? என்கிட்ட எப்பச் சொன்ன? ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு, என்கிட்டயும் சொன்னதாப் பொய் சொல்லியிருக்க. என்னை ஒரு கோமாளியாக்கி நிக்க வெச்சிருக்க. உங்க பெரியப்பா முன்னாடி காதுல இருந்து புடுங்கறே!" பெரியப்பாவின் சார்ஜரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் தொண்டையில் கை வைத்துக்காட்டினாள். இன்றைக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லவே இல்ல நீ" என்றேன். வீடு வரும்வரை அதையே சொன்னேன். அதற்கப்புறம் நானும் பேசவில்லை.

ஐந்தாவது நாள் காலை பதினொரு மணிக்கு, ஒரு கம்பெனி விழாவுக்குக் கைதட்டல் சத்தம் தேவைப்பட்டது. நான் தட்டிப் பதிவு செய்தது ஞாபகம் வந்தது. வெட்டி வைத்தது மூன்று தட்டுதான்; எனக்கு அதிகம் வேண்டியிருந்தது. வெட்டாத மூலப் பதிவைத் தேடி எடுத்தேன். ஹெட்போனைப் போட்டு, முதலிலிருந்து ஓடவிட்டேன்.

தட், தட், தட். சற்று இடைவெளி. தட், தட், தட். பிறகு கதவுச் சத்தம்.

"ஏனுங்க."

தட், தட், தட். தட்டியது நான்தான்.

"ஏனுங்க, உங்களைத்தானுங்க."

சோளத்தட்டைச் சத்தம். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்குகிறது.

"நேத்து எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேனுங்க, குரல் வராதுன்னு. யாரும் ஒண்ணும் நெனைச்சுக்கலீங்க. கருப்பாத்தாக்காளும் நித்யஸ்ரீயும் பாடறேன்னாங்க. நான் கைல சொன்னா அவங்களுக்குப் புரியுதுங்க."

தட், தட், தட்.

"அந்தப் பாட்டைப் போட வேண்டாமுங்க. அதக் கேட்டா, செத்துப்போனவ பாடறாப்பல இருக்குது. எனக்குப் பயமா இருக்குதுங்க."

இதற்குப் பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. நான் தட்டவும் இல்லை. அப்போது பாட்டில் எந்த இடம் என்று எனக்குத் தெரியும், மூன்றாவது பாட்டின் நடுவில் அவள் குரலில் ஒரு சிரிப்பு வரும், நான் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். மூச்சு கேட்கிறது.

"வேண்டாம்னா விட்டுருவீங்களா?"

தட், தட், தட்.

"சரிங்க."

கதவுச் சத்தம்.

அந்த நீளத்தைத்தான் நான் இரைச்சல் என்று வெட்டினேன். முக்கியமானதை மட்டும் பேசுங்கள் என்று டாக்டர் சொன்னதை அவள் கேட்டாள். அன்றைய நாளின் பேச்சு முழுவதையும் மாடி ஏறி வந்து என் முதுகிடம் செலவழித்துவிட்டுப் போயிருக்கிறாள். என்னை யாரும் கோமாளியாக்கவில்லை. நானேதான்.

கீழே இறங்கினேன். சமையலறையில் மோகனா தேங்காயை மிக்ஸி ஜாரில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். ஹெட்போன் இன்னும் கழுத்தில் தொங்கியதை அப்போதுதான் உணர்ந்து, கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். என்ன என்பதுபோல முகத்தைத் தூக்கிக் கேட்டாள்.

"அன்னைக்கு மாடிக்கு வந்து நீ சொன்னது, இப்பத்தான் கேட்டுது எனக்கு, கண்ணு. பதிவுல இருந்துச்சு." அவள் உதட்டைப் பார்த்தேன். "இன்னொருக்காச் சொல்லு. கேக்கறேன்."

என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அதுகூட இல்லை.

"அன்னைக்குச் சொன்னதுங்க அது," என்றாள்.

ஜாருக்கு மூடி போட்டு மிக்ஸியைத் திருப்பினாள். அது நிற்கும்வரை நின்றேன். சட்னியைக் கிண்ணத்தில் வழித்தாள், ஜாரைக் கழுவினாள், கையைத் துடைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.